பொட்டாசியம் 9.2 காட்டுது, நோயாளியோ நடந்து வந்து ரிப்போர்ட் வாங்குறார்: தப்பு எங்கே?

பயிற்சிக்காலம் கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். டிஎம்எல்டி (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமோ) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது ஒரு சிறு லேபில் பயிற்சி. சோடியம், பொட்டாசியம் போன்ற எலக்ட்ரோலைட்டுகளை எலக்ட்ரோடால் அளக்கும் ஐஎஸ்இ மெஷின், பயோகெமிஸ்ட்ரிக்கு செமி ஆட்டோ அனலைசர், சிபிசிக்கு (ரத்த அணுக்களின் எண்ணிக்கைக்கு) த்ரீ பார்ட் செல் கவுன்டர் இருக்கின்றன. பாதி சாம்பிள் வெளி கலெக்‌ஷன் சென்டர்களிலிருந்து பைக்கில் வருகிறது.

இரண்டு வாரத்தில் நான்கு பேருக்குப் பொட்டாசியம் கூடுதலாக வந்தது. நான்கு பேருக்கும் டாக்டர் திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்ப எடுத்ததில் நான்கும் நார்மல். அன்றைய கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) இரண்டு லெவலும் எல்லைக்குள்தான் இருந்தது. விவரம்:

1. பொட்டாசியம் 9.2, சோடியம் 139, கால்சியம் 4.8, ஏஎல்பி 11. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) தெளிவாக, மஞ்சளாக இருந்தது.

2. பொட்டாசியம் 6.3, சர்க்கரை 88, கிரியேட்டினின் 0.9. சீரம் தெளிவு. கோத்தகிரி பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வந்த, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி அணுக்களைப் பிரிக்காத சிவப்பு மூடிக் குழாய். காலை 7 மணிக்கு எடுத்தது, எங்களிடம் வந்தது 1 மணிக்கு.

3. பொட்டாசியம் 5.9, எஸ்ஜிஓடி 71, எஸ்ஜிபிடி 24 (இரண்டும் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் நொதிகள்). சீரம் ரோஸ் நிறம்.

4. பொட்டாசியம் 5.8, மற்றதெல்லாம் நார்மல், சீரம் தெளிவு. அதே நோயாளியின் சிபிசியில் பிளேட்லெட் 11.2 லட்சம்.

கூடவே ஐந்தாவதாக ஒன்று: காய்ச்சல், இருமல் எதுவுமில்லாமல் ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்கு வந்த பெண்ணுக்குப் பிளேட்லெட் 38,000. டெங்கு என்று வீட்டில் பயந்துவிட்டார்கள்.

மெஷினில் கோளாறா, சாம்பிளில் கோளாறா? ரிப்போர்ட் வெளியே போவதற்கு முன்னால் நான் எதைப் பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம்?

---

சீரம்மஞ்சள் எழுதியது:

தம்பி, நான்கையும் எண்களோடு எழுதியது நல்லது. நான்கும் பொய்யான பொட்டாசியம்தான். ஆனால் நான்குக்கும் காரணம் வேறு வேறு. மெஷின் நான்கிலும் சரியாகத்தான் அளந்திருக்கிறது. குழாய்க்குள் அவ்வளவு பொட்டாசியம் நிஜமாகவே இருந்தது, நோயாளியின் உடம்பில்தான் இல்லை. கன்ட்ரோல் குப்பி நேராக மெஷினுக்குப் போகிறது. ஊசி, குழாய், பைக், ஐஸ் பெட்டி எதையும் அது பார்ப்பதில்லை. அதனால் கன்ட்ரோல் சரியாக இருந்தது என்பது இந்த நான்கு தவறுக்கும் சாட்சி ஆகாது.

முதல் ஆள்: ஊதா மூடிக் குழாயின் ரத்தம் சிவப்பு மூடிக்குள் போயிருக்கிறது. ஊதாக் குழாயில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இடிடிஏ உப்பு, ஒரு மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 1.8 மி.கி. கணக்குப் போட்டால் அந்த உப்பு மட்டுமே லிட்டருக்கு ஏறக்குறைய 9 மி.மோல் பொட்டாசியத்தை ரத்தத்தில் சேர்க்கும். இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் பாதியாக விழும். ஏஎல்பி நொதி வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும். அவற்றையும் இடிடிஏ பிடித்துக்கொள்ளும், ஏஎல்பி தரைக்குப் போய்விடும். பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே, ஏஎல்பி கீழே என்று மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேட வேண்டாம். சோடியம் அசையாமல் நிற்கும். உண்மையிலேயே 9.2 பொட்டாசியமும் 4.8 கால்சியமும் உள்ள ஒருவர் நடந்து வந்து ரிப்போர்ட் வாங்க மாட்டார்.

இது எப்படி நடக்கிறது? ஊதாக் குழாயில் ரத்தம் அதிகமாகிவிட்டது, சிவப்பில் போதவில்லை என்று மூடியைத் திறந்து இதிலிருந்து அதில் ஊற்றுவார்கள். இல்லையென்றால் சிரிஞ்சின் முனை ஊதாக் குழாயின் உட்சுவரில் பட்டு, அதே முனை சிவப்புக் குழாய்க்குள் போகும். ஊற்றியதைக் கண்டுபிடிப்பது சுலபம், கால்சியமே காட்டிக்கொடுத்துவிடும். முனை பட்டதுதான் ஆபத்து. 4.3 இருக்க வேண்டியது 4.9 ஆகும், கால்சியம் 9.4 இருந்தது 9.1 ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. பொட்டாசியம் உண்மையில் 3.1 உள்ள ஒருவருக்கு அதே அளவு கலந்தால் 3.7 என்று நார்மலாகப் போய்விடும். அந்த நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய பொட்டாசியம் கிடைக்காமல் போகும். கூடிய எண்ணை டாக்டர் சந்தேகப்படுவார். நார்மல் எண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டாவது ஆள்: ஐஸ் பெட்டிதான் காரணம். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் பிளாஸ்மாவில் (அணுக்களுக்கு வெளியே உள்ள திரவத்தில்) இருப்பதைப் போல் சுமார் 25 மடங்கு. அதை உள்ளேயே நிறுத்திவைப்பது அணுச்சுவரிலுள்ள சோடியம் பொட்டாசியம் பம்ப். குளிரில் பம்ப் நின்றுவிடும், பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே வரும். அணு உடையவில்லை, ஹீமோகுளோபின் வெளியே வரவில்லை, அதனால் சீரம் மஞ்சளாகவே இருக்கும். குளிரில் அணுக்கள் சர்க்கரையையும் மெதுவாகத்தான் தின்னும், எனவே சர்க்கரை 88 என்று சாதாரணமாக இருக்கிறது. கண்ணுக்கோ மற்ற எண்களுக்கோ இது அகப்படாது. எடுத்த நேரத்தையும் வந்த விதத்தையும் பார்த்தால்தான் அகப்படும். கோரிக்கைச் சீட்டில் எடுத்த நேரம் எழுதாத சாம்பிளை வாங்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சித்திரை வெயிலில், ஐஸ் இல்லாமல், பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் வந்த சுழற்றாத ரத்தத்தில் பம்ப் வேகமாக ஓடும், பொட்டாசியம் அணுவுக்குள் போகும், வெளியே குறைந்து காட்டும். சர்க்கரையும் கூடவே குறையும். இன்னும் நேரம் போய்ச் சர்க்கரை தீர்ந்ததும் பம்புக்குத் தீனி இல்லாமல் மறுபடி கசிவு தொடங்கும். ஒரே சென்டரிலிருந்து குளிர்காலத்தில் பொட்டாசியம் கூடவும் கோடையில் குறையவும் வந்தால் மெஷினைக் கழற்ற வேண்டாம், பைக்கில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்.

மூன்றாவது, ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைவது. ரோஸ் நிறமே சொல்லிவிட்டது. எஸ்ஜிஓடி கூடி எஸ்ஜிபிடி கூடாததும் அதே கதை, சிவப்பணுவுக்குள் எஸ்ஜிஓடி நிறைய. எல்டிஎச் என்ற நொதியும் போட்டிருந்தால் அது இன்னும் அதிகமாகத் துள்ளியிருக்கும். பாஸ்பரஸ், மெக்னீசியமும் கூடும்.

நான்காவது, உறைதல். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் தம்மிடமுள்ள பொட்டாசியத்தை வெளியே விடும். எல்லோருக்குமே சீரம் பொட்டாசியம் பிளாஸ்மாவைவிட 0.1 முதல் 0.4 வரை கூடுதல்தான். பிளேட்லெட் 11 லட்சம் என்றால் அது 1 மி.மோலுக்கு மேலும் போகலாம். பச்சை மூடி, அதாவது லித்தியம் ஹெப்பாரின் குழாயில் எடுத்து, உடனே சுழற்றி, பிளாஸ்மாவில் பாருங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ரிப்போர்ட்டில் போட்டால் டாக்டருக்குப் புரியும். வெள்ளணு லட்சக்கணக்கில் உள்ள லுகேமியா நோயாளிக்கு மட்டும் இது தலைகீழாகலாம். அந்த அணுக்கள் எளிதில் உடைவதால் ஹெப்பாரின் பிளாஸ்மாவில்தான் அதிகம் காட்டும். அங்கே குலுக்காமல் கையோடு கொண்டுபோய் முழு ரத்தத்திலேயே உடனடியாக அளக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இவ்வளவையும் படித்துவிட்டு, கூடுதலாக வருகிற பொட்டாசியம் எல்லாம் பொய் என்ற எண்ணத்துக்குப் போய்விடக் கூடாது. சிறுநீரக நோய், ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் வகை மாத்திரைகள் உள்ளவருக்கு 6.5 நிஜமாகவே வரும், அது இதயத்தை நிறுத்தக்கூடியது. சந்தேகம் இருந்தாலும் முதலில் டாக்டருக்குப் போன். “6.3 வருகிறது, சாம்பிள் ஆறு மணி நேரம் ஐஸில் இருந்தது, உடனே புதிதாக எடுக்கிறோம்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் செய்து, நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதுங்கள்.

---

ஊசிமுனை எழுதியது:

மேலே சொன்னதில் பாதி, ரத்தம் எடுக்கும் நாற்காலியிலேயே தீர்ந்துவிடும். அதை மட்டும் சொல்கிறேன்.

குழாய் வரிசை: கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும்) பாட்டில் இருந்தால் முதலில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா ஏன் சிவப்புக்குப் பின்னால் என்பது முதல் கேஸைப் பார்த்தாலே தெரியும். சாம்பலில் பொட்டாசியம் ஆக்சலேட்டும் சோடியம் ஃப்ளூரைடும் உண்டு. அது சிவப்புக்குள் போனால் பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும், பல நொதிகளும் கெடும்.

டூர்னிகே (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) முழங்கை மடிப்புக்கு நான்கு விரல் மேலே, ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. நரம்பு கிடைக்கவில்லை என்றால் அவிழ்த்து, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி கட்டுங்கள். கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை விட்டுவிடுங்கள். முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், அது மட்டுமே 1 மி.மோல் வரை கூட்டிவிடும். மெல்ல ஒருமுறை மூடி வைத்திருந்தால் போதும்.

ஸ்பிரிட் தடவியதும் 30 விநாடி காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் நோயாளிக்கு எரியும், ரத்தமும் உடையும். காய வைக்க ஊதவோ பஞ்சால் துடைக்கவோ வேண்டாம்.

ஊசி பெரியவர்களுக்கு 21 அல்லது 22 கேஜ். 24 கேஜில் 10 மி.லி. சிரிஞ்சைப் பலமாக இழுத்தால் ரோஸ் சீரம்தான் கிடைக்கும். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியோடு குழாய் மூடிக்குள் குத்தி அழுத்துவது இரண்டு விதத்தில் கெடுதல்: அணு உடையும், ஊசி கையில் குத்தும். ஊசியை ஷார்ப்ஸ் பெட்டியில் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, குழாயின் சுவரோடு மெல்ல வழிய விடுங்கள். முனை சுவரில் படக் கூடாது. நுரை வரக் கூடாது.

கலக்கும் விதம்: தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவது ஒருமுறை. ஊதா 8 முதல் 10 முறை, நீலம் 3 அல்லது 4 முறை, கிளாட் ஆக்டிவேட்டர் உள்ள சிவப்பு 5 முறை. குலுக்கக் கூடாது.

நீலத்தில் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும், ரத்தம் 2.7 மி.லி. கோடுவரை நிறைய வேண்டும். 2 மி.லி.தான் கிடைத்தது என்று அனுப்பினால் சிட்ரேட் அதிகமாகி பிடி, ஏபிடிடி என்ற உறைதல் நேரப் பரிசோதனைகள் இரண்டும் நீண்டு காட்டும். பட்டர்ஃப்ளை ஊசியில் நீலத்தை முதலில் போட்டால் ட்யூபிலுள்ள காற்று இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு வெற்றுக் குழாயில் கொஞ்சம் எடுத்து வீசிவிட்டுப் பிறகு நீலத்தை மாட்டுங்கள். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம்) 55க்கு மேல் உள்ளவருக்கு பிளாஸ்மா குறைவு என்பதால் சிட்ரேட்டையும் குறைக்க வேண்டும். கணக்கு: 0.00185 ஐ, 100 இலிருந்து ஹீமட்டோக்ரிட்டைக் கழித்ததால் பெருக்கி, ரத்த அளவால் பெருக்க வேண்டும். ஹீமட்டோக்ரிட் 60, ரத்தம் 2.7 மி.லி. என்றால் 0.2 மி.லி. வரும். ஆக 0.1 மி.லி. சிட்ரேட்டை எடுத்துவிட்டு அந்தக் குழாயைப் பயன்படுத்த வேண்டும்.

டிரிப் ஏறும் கையில் எடுக்கவே கூடாது. மறு கை. மறு கையும் இல்லை என்றால் நர்ஸிடம் சொல்லி டிரிப்பை நிறுத்தி, இரண்டு நிமிடம் பொறுத்து, டிரிப் இடத்துக்குக் கீழே எடுத்து, சீட்டில் எழுதி அனுப்புங்கள். சர்க்கரை 600, சோடியம் 118, மற்றதெல்லாம் நீர்த்தாற்போல் வந்தால் டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பெயரை நோயாளியே சொல்ல வேண்டும், நாம் சொல்லி அவர் தலையாட்டக் கூடாது. லேபிளை நோயாளி எதிரிலேயே, ரத்தம் எடுத்தபின் ஒட்டுங்கள். பொட்டாசியம் தவறைக் கால்சியம் காட்டிக்கொடுக்கும். லேபிள் மாறியதைக் காட்டிக்கொடுக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது, பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் உண்டு.

---

பயிற்சிக்காலம் எழுதியது:

மிக்க நன்றி. முதல் கேஸில் சிரிஞ்சில்தான் எடுத்தது, ஊதாவில் முதலில் விட்டிருக்கிறார்கள். இரண்டு சந்தேகம். ஹீமோலைஸ் ஆன சாம்பிளுக்கு ஒரு திருத்தக் கணக்கு வைத்துப் பொட்டாசியத்தைக் குறைத்து ரிப்போர்ட் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன், சரியா? பிளேட்லெட் 38,000 பற்றி யாராவது சொல்லுங்கள்.

---

நியூபாவர் எழுதியது:

பிளேட்லெட் கேள்விக்கு நான். டெங்கு காலத்தில் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் குடும்பமே தூங்காமல் இருக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

38,000 வந்ததும் முதலில் மெஷினில் மறுபடி ஓட்டத் தோன்றும். வேண்டாம். முதலில் ஊதாக் குழாயைத் திறந்து மரக்குச்சியால் அடிவரை மெல்லத் துழாவுங்கள். நூல் போல, ஜெல்லி போல ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அது உறைந்த சாம்பிள். குச்சியில் சிக்கிய துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மீதியை ஓட்டுகிறவர்கள் உண்டு. அது மன்னிக்கக்கூடிய தவறே அல்ல, பிளேட்லெட்டுகள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. குழாயைத் தள்ளிவிட்டு புதிதாகக் கேளுங்கள்.

உறையவில்லை என்றால் ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தம். ஸ்லைடில் சிறு துளி, ஸ்பிரெடர் 30 முதல் 45 டிகிரி, ஒரே இழுப்பு. ரத்தசோகை உள்ள மெல்லிய ரத்தத்துக்குக் கோணத்தைக் கூட்டுங்கள், கெட்டியான ரத்தத்துக்குக் குறையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் லீஷ்மன் சாயம் 2 நிமிடம், பிறகு அதைப் போல் இருமடங்கு பிஎச் 6.8 பஃபர் தண்ணீர், 8 முதல் 10 நிமிடம். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் காரம் கூடி எல்லாம் நீலமாகப் போகும், பிளேட்லெட்டும் சாயத்துகளும் பிரித்தறிய முடியாது. மழைக்காலத்தில் ஸ்லைடு மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுவில் நீர்க்குமிழி போல ஓட்டை தெரியும். ஃபேன் காற்றில் காய வையுங்கள்.

பார்க்க வேண்டிய இடம் வால் முனையும் இரு ஓரங்களும். கொத்துக் கொத்தாகப் பிளேட்லெட் அங்கேதான் ஒதுங்கும். நடுவில் மட்டும் பார்த்து ‘குறைவு, மெஷின் சரி’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. உங்கள் நோயாளிக்குக் காய்ச்சலே இல்லை என்பதால், இடிடிஏவால் ஏற்படும் கொத்தாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சிலருடைய ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி, இடிடிஏ கால்சியத்தை உறிஞ்சிய பின் பிளேட்லெட் சுவரில் வெளிப்படும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நோயாளிக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. நேரம் ஆக ஆக எண்ணிக்கை இன்னும் இறங்கும்: எடுத்த உடனே 1.4 லட்சம், ஒரு மணி நேரத்தில் 80,000, மூன்று மணி நேரத்தில் 38,000 என்ற மாதிரி. அந்தக் கொத்துகளை மெஷின் சில சமயம் வெள்ளணு என்று எண்ணிவிடும். எனவே வெள்ளணு எண்ணிக்கையும் பொய்யாகக் கூடும். மெஷின் வரையும் அணு அளவு வரைபடமான ஹிஸ்டோகிராமில் பிளேட்லெட் வளைவின் வலது முனை கீழ்க்கோட்டைத் தொடாமல் பல் பல்லாக நின்றால் அது சாடை காட்டுகிறது.

அடுத்த படி, நீல மூடிக் குழாயில் எடுத்து உடனே ஓட்டுங்கள். வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள், சிட்ரேட் நீர்த்ததற்காக. சிட்ரேட்டிலும் கொத்து சேரும் சிலர் உண்டு, அப்போது விரல் நுனியில் குத்தி நேரடி ஸ்மியரும், கை எண்ணிக்கையும்தான் வழி.

கை எண்ணிக்கை: 1 சதவீத அம்மோனியம் ஆக்சலேட் 380 மைக்ரோலிட்டர், ரத்தம் 20 மைக்ரோலிட்டர். சிவப்பணு கரைய 10 நிமிடம். நியூபாவர் சேம்பரை (அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) நிரப்பி, ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி தட்டால் மூடி 15 நிமிடம் விடுங்கள், பிளேட்லெட்டுகள் அடியில் படியட்டும். இந்த 15 நிமிடத்தைத் திருடினால் பாதி மிதந்துகொண்டிருக்கும், எண்ணிக்கை குறையும். 40 எக்ஸில் கண்டன்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, நடுவிலுள்ள 1 சதுர மி.மீ. முழுவதும் எண்ணுங்கள். எண்ணியதை 200 ஆல் பெருக்க வேண்டும். 310 எண்ணினால் 62,000.

ஸ்மியரிலேயே தோராயம் போட, ஆயில் இம்மெர்ஷனில் 10 ஃபீல்டு எண்ணி, சராசரியை 15,000 முதல் 20,000 ஆல் பெருக்கச் சொல்வார்கள். ஃபீல்டின் அகலம் மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் மாறும். எனவே சந்தேகமில்லாத 30 சாம்பிளில் மெஷின் எண்ணிக்கையை ஸ்மியர் சராசரியால் வகுத்து, உங்கள் மைக்ராஸ்கோப்புக்கு என்று ஒரு பெருக்கெண் எடுத்து ஒட்டி வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் சொல்லியாக வேண்டும், அதுதான் உயிரோடு விளையாடுவது. இந்த வகை மெஷின் அளவை வைத்துத்தான் பிரிக்கும்: 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் வரை பிளேட்லெட், 36க்கு மேல் சிவப்பணு என்பதுபோல. இரும்புச்சத்துக் குறைவு முற்றி எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 60க்குக் கீழே போனால், பொடிச் சிவப்பணுக்களும் உடைந்த துண்டுகளும் பிளேட்லெட் கணக்கில் சேரும். உண்மையில் 25,000 உள்ள டெங்கு நோயாளிக்கு 70,000 என்று வரும். எம்சிவி குறைந்த ஒவ்வொரு காய்ச்சல் சாம்பிளுக்கும் ஸ்மியர் பாருங்கள், எண்ணிக்கை நன்றாக இருந்தாலும்.

---

எல்ஜேசார்ட் எழுதியது:

திருத்தக் கணக்குக்குப் பதில்: கூடாது. எவ்வளவு ஹீமோகுளோபின் வெளியே வந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு பொட்டாசியம் வந்திருக்கும் என்று கழித்துச் சொல்லும் சூத்திரங்கள் உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் அணுவின் பொட்டாசியம் வேறு, அணு உடைந்த விதமும் வேறு. உண்மையில் 2.9 உள்ளவருக்கு ஹீமோலைசிஸால் 4.0 வந்தால், கழிப்பதா வேண்டாமா? ‘ஹீமோலைஸ்ட்’ என்று ஓரத்தில் எழுதி எண்ணையும் கொடுப்பது அதைவிட ஒரு படிதான் மேல். டாக்டர் கண்ணில் எண்தான் படும், குறிப்பு படாது. பொட்டாசியம், எல்டிஎச், எஸ்ஜிஓடி, பாஸ்பரஸ் நிறுத்திவைத்து புதிதாகக் கேளுங்கள். யூரியா, கிரியேட்டினின் போன்றவை லேசான ஹீமோலைசிஸில் பொதுவாகத் தாங்கும். உங்கள் கிட்டின் துண்டுத்தாளில் எவ்வளவு வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதைப் படித்து ஒரு அட்டவணையாகச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது முறை நன்றாக எடுத்தும் சீரம் சிவப்பாகவே வந்தால், அதே நேரம் எடுத்த ஊதாக் குழாயின் பிளாஸ்மாவும் சிவப்பாக இருந்தால், எடுத்த விதத்தைக் குறை சொல்லாதீர்கள். உடம்புக்குள்ளேயே அணு உடைகிறது. ஃபால்சிபாரம் மலேரியா, ஜி6பிடி நொதிக் குறைபாடு, பொருந்தாத ரத்தம் ஏற்றியது இவையெல்லாம் இப்படித்தான் முதலில் லேபுக்குத் தெரியும். சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மெஷின் பக்கமும் ஒரு வார்த்தை. ஐஎஸ்இ தவறினால் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு மட்டும் தவறாது, அன்று காலை முதல் எல்லோருக்கும் சாயும். நோயாளிகளின் பொட்டாசியம் சராசரி வழக்கமாக 4.2 இருந்து திடீரென 4.7 ஆனால் மெஷினைப் பாருங்கள்: எலக்ட்ரோடு ஸ்லோப், ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடின் திரவ மட்டம், ட்யூபில் குமிழி, முனையில் சிக்கிய ஃபைப்ரின் நூல். முழுதாக உறையாத சீரத்தை உறிஞ்சினால் அந்த நூல் உள்ளே போகும். தினசரி புரோட்டீன் நீக்கும் கரைசலால் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கன்ட்ரோல் விஷயத்தில் பயிற்சிக்கு வருகிறவர்கள் தவறாகவே கற்றுக்கொள்வது ஒன்று இருக்கிறது. வெளியே போனால், உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது. சராசரியிலிருந்து 2 எஸ்டி (ஸ்டாண்டர்டு டீவியேஷன்) எல்லையைத் தற்செயலாகவே 20 முறைக்கு ஒருமுறை தாண்டும், அது எச்சரிக்கை மட்டும். 3 எஸ்டியை ஒரு லெவல் தாண்டினாலோ, ஒரே பக்கம் 2 எஸ்டியை இரண்டு லெவலும் தாண்டினாலோ நோயாளி ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். காரணத்தைத் தேடி, சரிசெய்து, அதன்பின் கன்ட்ரோல் ஓட்டி, என்ன செய்தோம் என்று எழுதுங்கள். குப்பித்தாளில் போட்டிருக்கும் அகலமான எல்லையை வைத்து எல்ஜே சார்ட் (தினசரி கன்ட்ரோல் எண்களைக் குறிக்கும் வரைபடம்) வரையாதீர்கள். 20 நாள் ஓட்டி உங்கள் லேபின் சராசரியும் எஸ்டியும் எடுங்கள். மாதந்தோறும் வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் லேப் சேர்ந்திருந்தால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

---

பயிற்சிக்காலம் எழுதியது:

நீல மூடிக் குழாயில் அந்தப் பெண்ணுக்கு இன்று பார்த்தோம். 2.05 லட்சம் வந்தது, 1.1 ஆல் பெருக்க 2.25 லட்சம். ஸ்மியரின் வாலில் கொத்துக் கொத்தாக இருந்தது. கடைசியாக ஒன்று: மலைமேலிருந்து வரும் சாம்பிளை என்ன செய்வது? அங்கே ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறது, ஆனால் அதில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும்தான் போட்டிருக்கிறது. ஜெல் குழாய் (சீரத்தையும் அணுக்களையும் பிரிக்கும் ஜெல் உள்ளது) வந்தபின் இங்கே மறுபடி சுழற்றலாமா?

---

சீரம்மஞ்சள் எழுதியது:

மறுபடி சுழற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே அணுக்களோடு கிடந்த திரவத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும், இரண்டாம் முறை சுழற்றினால் அது மேலே வந்து கலக்கும். சீரம் கலங்கலாக இருந்தால் மேலே உள்ளதை வேறு குழாய்க்கு மாற்றி, அதை மட்டும் சுழற்றுங்கள்.

ஆர்பிஎம்மை ஜி (புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு விசை) ஆக்கும் கணக்கு: 0.00001118 பெருக்கல் ரேடியஸ் சென்டிமீட்டரில் பெருக்கல் ஆர்பிஎம்மின் வர்க்கம். ரேடியஸ் என்பது நடு அச்சிலிருந்து, ஓடும்போது குழாயின் அடி இருக்கும் இடம்வரை, ஸ்கேலால் அளக்கலாம். 12 செ.மீ. என்றால் 3,000 ஆர்பிஎம்மில் சுமார் 1,200 ஜி, 3,500இல் சுமார் 1,640 ஜி. ஜெல் குழாய்க்குப் பெரும்பாலும் 1,300 முதல் 2,000 ஜி, 10 நிமிடம் கேட்பார்கள். அப்படியானால் அங்கே 3,000 போதாது, ஜெல் சரியாக நடுவில் ஏறி அடைக்காது. 3,500 வையுங்கள்.

சென்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது இதுதான். மஞ்சள் மூடி ஜெல் குழாயை நிமிர்த்தி, அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறைய விடவும். வார்ஃபரின், ஹெப்பாரின் எடுப்பவர் என்றால் இன்னும் கூடுதல் நேரம். எதிரெதிரே சம எடைக் குழாய் வைத்து 10 நிமிடம் சுழற்றவும். எடுத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிந்திருக்க வேண்டும். ஜெல் முழு வட்டமாக அடைத்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் ஐஸ் பெட்டி. சுழற்றாத குழாய் எதுவும் ஐஸில் போகக் கூடாது. நீலக் குழாயும் ஐஸில் வேண்டாம், குளிரில் உறைதல் காரணிகள் மாறும், பிடி குறைந்து காட்டலாம். ஊதா சாதாரண வெப்பத்தில் வரட்டும், ஸ்மியரை மட்டும் அங்கேயே போட்டுக் காயவைத்து அனுப்பினால் நல்லது. சர்க்கரைக்குச் சாம்பல். ஆனால் ஃப்ளூரைடு உடனே வேலை செய்யாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சுழற்றாத சிவப்புக் குழாயில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் விழும், அதில் பார்க்கவே வேண்டாம்.

பயிற்சி முடிவதற்குள் இதை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். லேப் பொறுப்பாளரின் அனுமதியோடு, ஒரே ஆளிடம் ஹெப்பாரின் ரத்தம் 12 குழாய். நான்கு அறை வெப்பத்தில், நான்கு ஃப்ரிட்ஜில், நான்கு 37 டிகிரி இன்குபேட்டரில். எடுத்த உடனே, 2, 4, 6 மணி நேரத்தில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒன்று சுழற்றி, பொட்டாசியமும் சர்க்கரையும் பார்த்து, ஒரே தாளில் மூன்று கோடு வரையுங்கள். இன்னொரு நாள், சீரத்தில் ஊதாக் குழாயின் பிளாஸ்மாவை 2 மி.லி.க்கு 20, 50, 100, 200 மைக்ரோலிட்டர் என்று கலந்து பொட்டாசியம், கால்சியம், ஏஎல்பி மூன்றும் பாருங்கள். எந்த அளவு வரை கால்சியம் நார்மல் எல்லைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது என்று அந்தத் தாளில் தெரியும். வரைந்ததை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.